துப்பாக்கி கேட்டார்கள், பஞ்சு கொடுத்தார்கள்

ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் பேர் வாங்குகிற ராசி கொஞ்சம் கம்மி. ஜெனரல் ஆஸ்பத்திரி என்றால் தமிழ்நாட்டுக்கே தெரியும். ஸ்டான்லி தெரியும். எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி தெரியும். வெஸ்ட்காட் ரோடில் நூறு வருஷத்துக்கு மேலாக நின்றுகொண்டிருக்கும் இந்த ஆஸ்பத்திரியை மட்டும், மணிக்கூண்டுக்கு வழி சொல்லும்போது ஓர் அடையாளமாகத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். இத்தனைக்கும் 1911ல் இது ஆரம்பித்தபோது முதல் சூப்பரின்டென்டென்ட் யார் தெரியுமோ? சார்லஸ் டோனவன். காலா அசார் என்கிற காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை 1903ல் மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்டுபிடித்த ஆசாமி. லெய்ஷ்மன் - டோனவன் என்று அவர் பெயரை இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நம் ஊரில் அவர் பெயரில் ஒரு சந்துகூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஆஸ்பத்திரியை ஊரே திரும்பிப் பார்த்த ஒரு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி புரண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலை ஒன்பது மணி வாக்கில் மெரினாவில் தண்ணீர் எழுந்து ரோட்டுக்கு வந்தது. நடக்கப் போனவர்கள், கிரிக்கெட் ஆடப்போன பையன்கள், மீன் விற்க உட்கார்ந்திருந்த பெண்கள். மெரினா, பட்டினப்பாக்கம் பக்கம் அடிபட்டவர்களையும் உயிர் போனவர்களையும் கிடைத்த வண்டியில் போட்டு ராயப்பேட்டைக்குத்தான் கொண்டு வந்தார்கள். சென்னையில் மட்டும் இறந்தவர்கள் 200 பேருக்கு மேல். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000ஐத் தாண்டியது.

எந்தப் பேரிடரிலும் ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, அடிபட்டவர்கள். இரண்டு, உதவி செய்ய வந்தவர்கள். முதல் கூட்டத்தைச் சமாளிக்க ஆஸ்பத்திரிக்குத் தெரியும். அதுதான் அதன் தொழில். இரண்டாவது கூட்டத்தை என்ன செய்வது என்பதுதான் உலகத்தில் பல பேருக்குப் புரியாத விஷயம்.

அவர்கள் நல்லவர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், நல்ல மனசு மட்டும் வைத்துக்கொண்டு முதுகெலும்பு உடைந்தவனைக் கை ஒருவர், கால் ஒருவர் பிடித்துத் தூக்கினால், பிழைத்திருக்கிறவன் ஆயுசுக்கும் எழுந்து நடக்க மாட்டான். மயங்கிக் கிடக்கிறவர் வாயில் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். பிணங்களைப் பார்த்ததும் 'ஐயோ, கொள்ளைநோய் வந்துடும்' என்று அலறி, பெயர் ஊர் எதுவும் குறிக்காமல் அவசரமாகப் புதைத்தால், சொந்தக்காரர்கள் வருஷக்கணக்கில் அலைய வேண்டியதுதான். அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்துவிட்டது. யார் கேட்டார்கள்? அதே சுனாமியின்போது நாகப்பட்டினம் போகிற ரோடுகளின் ஓரத்தில் பழைய துணி மலை மலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். லாரி லாரியாக அன்பு வந்து இறங்கியது. உடுத்த முடியாத அன்பு.

அப்படியானால் உதவ வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வைத்துக்கொள்ள முடியாதா? முடியும். அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் முக்கியமான ஒரு அத்தியாயத்தை எழுதியவர், ராயப்பேட்டைக்கு ஆட்டோவில் பத்து நிமிஷ தூரத்தில் டாக்டராக வேலை பார்த்த ஒரு மதராஸ் பெண். அவரிடம் போவதற்கு முன் சுருக்கமாக ஒரு முன்கதை.

1854 அக்டோபரில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களை அழைத்துக்கொண்டு லண்டனிலிருந்து புறப்பட்டார். துருக்கியில் ஸ்கூடாரி என்கிற இடத்தில் பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரி. கிரிமியா யுத்தத்தில் அடிபட்டவர்கள் அங்கே புழுக்களைப்போலச் செத்துக்கொண்டிருந்தார்கள். கையில் விளக்கோடு வார்டு வார்டாக நடந்த தேவதை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பாடப்புத்தகம் சொல்லாதது, அவர் போன பிறகும் சில மாதங்கள் சாவு குறையவில்லை என்பது. 1855 பிப்ரவரியில் அங்கே அனுமதிக்கப்பட்டவர்களில் 42 சதவிகிதம் பேர் இறந்தார்கள். காயத்தால் இல்லை, காலரா, டைஃபஸ், வயிற்றுப்போக்கு. கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக்கொண்டிருந்தது. மார்ச்சில் ஒரு சுகாதாரக் கமிஷன் வந்து அதைத் தோண்டிச் சுத்தம் செய்தது. ஜூன் மாதம் சாவு 2 சதவிகிதம்.

நைட்டிங்கேல் அம்மாள் மீது எனக்குத் தனி மரியாதை ஏற்பட்டதே இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். பி.காம். படித்த புத்தி வேறெங்கே போகும்? யார், எப்போது, எதனால் இறந்தார்கள் என்று வரவு செலவுபோல எழுதி வைத்து, ஊருக்குத் திரும்பியதும் அதைப் படமாக வரைந்து அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். அன்பு, கருணையெல்லாம் சரி. பயிற்சி இல்லாவிட்டால் பிரயோசனமில்லை என்பது அவர் முடிவு. 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலேயே இந்தியச் சுகாதாரம் பற்றிக் கட்டுக் கட்டாக எழுதினார். மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871ல் நர்ஸுகளுக்கான பயிற்சிப் பள்ளி வந்தது. இந்தியாவிலேயே முதல் என்று சொல்லப்படுவது அதுதான். நர்ஸுகளைப் பதிவு செய்வதற்கான சட்டமும் மதராஸ் மாகாணத்தில் 1926லேயே வந்துவிட்டது.

இதெல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நர்ஸுகள். தொண்டர்கள்?

அதற்கு முதல் உலக யுத்தம் வரவேண்டியிருந்தது. பிரிட்டனில் வி.ஏ.டி. என்று மூன்றெழுத்து. சாதாரண வீட்டுப் பெண்கள். முதலுதவியும் நோயாளியைக் கவனித்துக்கொள்வதும் சில வாரங்கள் படித்து, பரீட்சை எழுதி, ஆஸ்பத்திரியில் போய் நிற்பார்கள். 1914ல் 74,000 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். வருஷக்கணக்கில் படித்து வந்த நர்ஸுகளுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. 'மூணு மாசம் கட்டுப் போடக் கத்துக்கிட்டு எங்களை மாதிரியே தொப்பி போட்டுக்கறதா?' என்கிற ரீதியில் பெரிய சண்டை. நியாயமான சண்டைதான். அந்தத் தொண்டர்களில் ஒருத்தி டார்க்கி ஊரில் வார்டு பெருக்கி, காயத்துக்குக் கட்டுப் போட்டு, அப்புறம் மருந்து கொடுக்கும் கவுன்ட்டருக்கு மாறினாள். எந்த பாட்டிலில் என்ன விஷம், எத்தனை சொட்டு போட்டால் ஆள் காலி என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். பெயர் அகதா கிறிஸ்டி.

யுத்தம் மதராஸையும் விடவில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன கதை உங்களுக்குத் தெரியும். 'எம்டன்' என்ற வார்த்தையே தமிழில் தங்கிவிட்டது. அதே யுத்தத்துக்கு மதராஸ் மக்கள் வசூலித்துக் கொடுத்த பணத்தில் 'மதராஸ்' என்ற பெயரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக் கப்பல் ஓடியது பலருக்குத் தெரியாது. சுடுகிற கப்பல் ஞாபகம் இருக்கிறது. கட்டுப்போட்ட கப்பல் மறந்துபோய்விட்டது.

எம்டன் வந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 24ந் தேதி, மதராஸில் வக்கீல் சுவாமிநாதன் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். அம்மா அம்மு சுவாமிநாதன், பின்னால் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். தங்கை மிருணாளினி, பின்னால் பெரிய நாட்டியக் கலைஞர். பெரிய இடம். லட்சுமி ராணி மேரிக் கல்லூரியில் படித்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் 1938ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். பிரசவம், பெண்கள் நோய்க்குத் தனியாக டிப்ளமோ. வேலை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. ஆண் டாக்டரிடம் வரமாட்டோம் என்கிற பெண்களுக்காக 1885ல் மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டர் ஆரம்பித்து வைத்தது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்ந்த நான்கு பெண்களில் அவர் ஒருவர்.

1940ல் லட்சுமி சிங்கப்பூர் போனார். அங்கே போய்த் தொழிலாளர்களுக்கு, பெரும்பாலும் ஏழைத் தமிழர்களுக்கு, வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1942 பிப்ரவரி 15ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் விழுந்தது. அவரது வாழ்க்கை வேறு தடத்தில் புரண்டது.

அதைப் பார்க்கும் முன்பு அதே 1942ல் மதராஸில் என்ன நடந்தது என்று ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம். மார்ச்சில் ரங்கூன் போயிற்று. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள், ஏராளமான தமிழர்கள், காட்டிலும் மலையிலும் நடந்தே ஊர் வந்து சேர முயன்றார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். ஏப்ரல் 5ந் தேதி கொழும்பில் குண்டு. 6ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்தது மதராஸ்தான் என்று ஊர் முடிவு கட்டியது. சர்க்கார் ஆபீஸ்களே மூட்டை கட்டி உள்நாட்டுக்கு நகர்ந்தன. மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலிகளை, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சுட்டுக் கொன்றார்கள். கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டுக் கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் ரயில் ஏறியவர்கள் உண்டு. நகரத்தின் பாதி காலி.

ஓடாமல் இருந்தவர்களுக்கு ஏ.ஆர்.பி. விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை. சங்கு ஊதினால் எங்கே பதுங்குவது, விளக்கை எப்படி மறைப்பது, தீ பிடித்தால் மணல் வாளியை எப்படி வீசுவது, ரத்தம் பீறிட்டால் எங்கே அழுத்துவது. தெருவுக்குத் தெரு வார்டன்கள். முதலுதவி நிலையங்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கப் பயிற்சி. முக்கோணத் துணியை வைத்து ஒரு மனுஷன் உடம்பில் தலையிலிருந்து கால் வரை எத்தனை விதமாகக் கட்டுப் போடலாம் என்று செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பாடத்திட்டம் அத்தனை விவரமாகச் சொல்லிக்கொடுக்கும். உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

1943 அக்டோபரில் வந்தே விட்டது ஒரு ஜப்பானிய விமானம். ஒன்றே ஒன்று. துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போய்விட்டது. சேதம் சொற்பம். ஆனால், அதே அக்டோபரில் மழை கொட்டி, கூவம் கரை உடைத்து, மதராஸ் மூழ்கியது. குண்டுக்காகத் தயாராக இருந்த ஊருக்கு வெள்ளம் வந்து சேர்ந்தது! பேரிடரின் குணம் அது. எதற்கு ஒத்திகை பார்க்கிறோமோ அது வராது. பக்கத்து வீட்டு நாடகம் வந்து நம் மேடையில் ஏறும்.

அதே 1943 அக்டோபர். 22ந் தேதி. கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைவி, நம்ம கோஷா ஆஸ்பத்திரி டாக்டர். இப்போது கேப்டன் லட்சுமி.

ஜூலை மாதம் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்திறங்கி, பெண்களுக்கு ஒரு படை வேண்டும் என்றபோது பலர் சிரித்திருப்பார்கள். லட்சுமி வீடு வீடாகப் போய் இருபது பெண்களைத் திரட்டினார். ஜூலை 12ந் தேதி அவர்கள் துப்பாக்கி ஏந்தி போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அதன் பிறகு மலேயா முழுக்க ஆள் சேர்ப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அதிலும் பாதிக்கு மேல் ரப்பர் தோட்டத்துப் பெண்கள். பால் வெட்டியவர்கள். இந்தியா என்கிற தேசத்தைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள் அதில் அநேகம். மொத்தம் ஆயிரம் பேர் என்பது பழைய கணக்கு. உயிரோடு இருந்தவர்களைத் தேடித் தேடிப் பேசிய வேரா ஹில்டபிராண்ட் என்ற ஆய்வாளர், அதில் பாதி அளவுதான் இருக்கும் என்கிறார். எத்தனை பேரானாலும், 1943ல் அது உலக அதிசயம்தான்.

முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். புடவை போய்க் கால்சட்டை வந்தது. டிரில், நீண்ட தூர நடை, துப்பாக்கி, பயனெட். ராணுவத்தின் பொது பாஷை ஹிந்துஸ்தானி. பெண்களுக்குத் தெரிந்தது தமிழ். நடுவில் இரண்டும் தெரிந்த டாக்டர் லட்சுமி.

இந்தப் பெண்களில் சுமார் 200 பேரைத் தனியாகப் பிரித்து நர்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பிரிவுக்குச் சாந்த் பீவி நர்ஸிங் படை என்று பெயர். அகமத்நகர் கோட்டையில் நின்று மொகலாயப் படையை எதிர்த்த சாந்த் பீவி. காயத்துக்கு மருந்து போடும் படைக்கும் ஒரு சண்டைக்காரியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வந்த பெண்கள் யாரும் நர்ஸ் ஆக வரவில்லை. சுட வந்தார்கள். போர்முனைக்கு எங்களை அனுப்புங்கள் என்று ரத்தத்தில் கையெழுத்துப் போட்டு நேதாஜிக்கு மனு கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். துப்பாக்கி கேட்டவர்கள் கையில் பஞ்சையும் டிங்சரையும் கொடுத்தால் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? போதாக்குறைக்கு அன்றைய சமூகத்தில் நர்ஸ் வேலைக்கு மரியாதை கிடையாது. அன்னியர் உடம்பைத் தொட்டுத் துடைக்கிற வேலை. கௌரவமான வீட்டில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். அதனால் லட்சுமி செய்தது வெறும் நர்ஸ் பயிற்சி இல்லை. முதலில் சிப்பாய் ஆக்கினார். அதற்கு மேலேதான் நர்ஸ். உத்தரவுக்குக் கட்டுப்படுவது, பதறாமல் இருப்பது, ரத்தம் பார்த்து மயங்கி விழாமல் இருப்பது, கூட இருப்பவளை விட்டு ஓடாமல் இருப்பது. பேரிடர் நர்ஸுக்கு வேண்டியதில் பாதி இதுதான். மீதிப் பாதியைத்தான் புத்தகத்தில் படிக்க முடியும்.

1944ல் படை பர்மாவுக்குப் போனது. ரங்கூன், அங்கிருந்து மலைமேல் மேமியோ. இம்பால் விழுந்துவிடும், அப்படியே டெல்லிக்கு அணிவகுத்துப் போகலாம் என்பது திட்டம். ஜூன், ஜூலை மழையில் அந்தத் திட்டம் கரைந்தது. ஜப்பானியப் படையும் ஐ.என்.ஏ.வும் பின்வாங்க ஆரம்பித்தன. திரும்பி வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். குண்டடிபட்டவர்களைவிட மலேரியாவிலும் சீதபேதியிலும் பட்டினியிலும் விழுந்தவர்கள்தான் அதிகம். ஸ்கூடாரியில் தொண்ணூறு வருஷம் முன்பு நடந்த அதே கதை. மருந்து இல்லை. போதிய துணி இல்லை. அந்த ஆஸ்பத்திரிகளில் நின்று மலம் துடைத்து, கஞ்சி ஊட்டி, புண் கழுவியவர்கள் இந்தத் தோட்டத்துப் பெண்கள். ஆஸ்பத்திரிகள் மீதும் குண்டு விழுந்தது. படுக்கையில் இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடினார்கள்.

அந்தப் பெண்களில் ஜானகி தேவர் என்று ஒருவர். கோலாலம்பூர்ப் பெண். பதினெட்டு வயது. போஸ் பேசிய கூட்டத்தில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். வீட்டில் எதிர்ப்பு, மீறி வந்து சேர்ந்தார். மேமியோவில் காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு போஸ் புறப்பட்டபோது, பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் நான் மட்டும் விமானத்தில் போகமாட்டேன் என்று அவரும் கூடவே நடந்தார். ராத்திரியில் நடை, பகலில் மரத்தடியில் பதுங்கல், மேலே விமானங்கள். பாங்காக் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. அந்த வரிசையில் ஜானகியும் நடந்தார். எல்லோரும் ஊர் திரும்பவில்லை. பின்வாங்கும்போது ரயில் மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஜான்சி ராணி படை என்றதும் வாள் சுழற்றும் படம் போடுகிறவர்கள் இந்த இரண்டு பெயரை எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தால், அபூர்வம்.

ஜானகி 1946ல் மலேயாவில் காங்கிரஸ் மருத்துவக் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார். யுத்தம் முடிந்த மலேயாவில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் நிலைமை படுமோசம். சயாம் மரண ரயில்பாதைக்கு ஜப்பானியர்கள் இழுத்துக்கொண்டு போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. திரும்பியவர்கள் நோயாளிகள். சுடுவதற்குக் கற்றுக்கொண்ட வித்தை பயன்படவில்லை. கட்டுப் போடக் கற்றுக்கொண்ட வித்தை பயன்பட்டது. பின்னாளில் மலேசிய செனட்டர் ஆனார். 2000ல் பத்மஸ்ரீ. 2014ல் காலமானார்.

லட்சுமியை 1945ல் பர்மாவில் பிரிட்டிஷார் பிடித்தார்கள். 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் பிரேம் குமார் சேகலைக் கல்யாணம் செய்துகொண்டு கான்பூரில் குடியேறினார். அதோடு கேப்டன் லட்சுமியின் கதை முடிந்தது என்பதுபோலத்தான் நம் பாடப்புத்தகங்கள் நடந்துகொள்கின்றன. எனக்கென்னவோ அதற்குப் பிறகு வருவதுதான் சுவாரசியம்.

1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஐம்பத்தாறு வயசில் லட்சுமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்கு வங்க எல்லையில் போன்காவுன் என்ற ஊருக்குப் போனார். அங்கே சில வாரங்கள் முகாமில் வைத்தியம். அதே போன்காவுனில், அதே வருஷம், திலிப் மகலானபிஸ் என்ற இளம் டாக்டர் காலராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுமார் மூன்றரை லட்சம் அகதிகள். தரையில் வாந்தியும் பேதியும். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ஊசி குத்தத் தெரிந்த ஆள் இல்லை. சாவு 30 சதவிகிதம் வரை.

அவர் என்ன செய்தார்? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலம் போட்டு, முகாமில் பெரிய டிரம்மில் கலந்து, அடியில் குழாய் வைத்துவிட்டார். அம்மா, அண்ணன், பாட்டி, யார் கூட இருக்கிறார்களோ அவர்கள் டம்ளரில் பிடித்து நோயாளிக்குக் கொடுக்க வேண்டியது. எவ்வளவு? தாகம் தீரும்வரை. சாவு 3.6 சதவிகிதத்துக்கு இறங்கியது. நர்ஸ் இல்லாத இடத்தில் கூட இருக்கிற ஒவ்வொருவரையும் பத்து நிமிஷத்தில் நர்ஸ் ஆக்கிவிட்டார் மனுஷர். அந்த நாள்களில் பெரிய டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். காலராவுக்குப் படிக்காத ஆட்களைக் கொண்டு வாய்வழியாக உப்புத்தண்ணீரா? 1978ல் லான்செட் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று எழுதியது. இன்று பெட்டிக்கடைவரை வந்துவிட்ட ஓ.ஆர்.எஸ். அதுதான். லட்சுமிக்கு 1998ல் பத்மவிபூஷண் கிடைத்தது. மகலானபிஸுக்கும் கிடைத்தது. 2023ல். இறந்து மூன்று மாதம் கழித்து.

1984 டிசம்பர். போபால். யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு. லட்சுமிக்கு எழுபது வயது. மருத்துவக் குழுவோடு கிளம்பிவிட்டார். போபால் விஷயத்தில் நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. அந்த வாயு தண்ணீரோடு சேர்ந்தால் வினைபுரிந்து வீரியம் இழக்கும். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தால் பல பேருக்குப் பாதிப்பு குறைந்திருக்கும். ஓடாமல் இருந்திருந்தாலும்தான், ஓட ஓட மூச்சு வாங்கும், மூச்சு வாங்க வாங்க விஷம் உள்ளே போகும். ஆலையைச் சுற்றிக் குடிசை போட்டிருந்த ஜனங்களுக்கு இதை யாரும் ஒரு நாள்கூடச் சொல்லிவைக்கவில்லை. தெருவுக்கு ஒருத்தருக்குத் தெரிந்திருந்தால்கூடப் போதும். 'எல்லாரும் துணியை நனைச்சுக் கட்டிக்குங்க, ஓடாதீங்க' என்று கத்த ஒரு குரல். அவ்வளவுதான் செலவு.

2002ல் ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றபோதுதான் நம்மில் பலருக்கு லட்சுமி இன்னும் இருக்கிறார் என்பதே ஞாபகம் வந்தது. தோற்றார். மறுபடி கான்பூர் கிளினிக்குக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். தொண்ணூறு தாண்டியும் காலையில் நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலை 23ல் காலமானார். உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் விருப்பம் அது.

சரி, இப்போது நம் பக்கம் என்ன நிலவரம்? பள்ளிக்கூடத்தில் ஜே.ஆர்.சி. உண்டு, கல்லூரியில் என்.எஸ்.எஸ். உண்டு. சர்ட்டிஃபிகேட் வாங்கியவர்கள் ஏராளம். 1948ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பொறுப்பாகப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் என்று 45வது பிரிவு இருந்தது. தொழில் சட்டம் பேப்பருக்காக அதை நெட்டுருப் போட்டதால் இன்னும் மறக்கவில்லை. பல இடங்களில் பெட்டி இருக்கும். திறந்தால் உள்ளே காலாவதியான ஆயின்மென்டும் யாரோ வைத்த டீ டோக்கனும் இருக்கும். ஒருமுறை கற்றுக்கொண்டால் சைக்கிள் மாதிரி கடைசிவரை வரும் என்று நினைக்கிறார்கள். வராது. நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்கிற வித்தையெல்லாம் திரும்பச் செய்து பார்க்காவிட்டால் சில மாதங்களிலேயே மங்க ஆரம்பித்துவிடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த சங்கதி. கேப்டன் லட்சுமியின் பெண்களுக்கு அந்தப் பிரச்னை இல்லை. விடிந்தால் அதுதான் வேலை.

சுனாமிக்குப் பிறகு, 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2016ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 'ஆப்தா மித்ரா' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஆபத்துக்கு நண்பன் என்று அர்த்தம். வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு 200 தொண்டர்கள். முதலுதவி, தேடுதல், மீட்பு எல்லாம் பயிற்சி. கையில் ஒரு கிட். பிறகு அதை 350 மாவட்டங்கள், ஒரு லட்சம் பேர் என்று பெரிதாக்கினார்கள். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. பழக்கதோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாவட்டத்துக்கு 200 பேர். சென்னை மாநகராட்சியில் வார்டுகள் 200. 2011 கணக்குப்படி வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்குக் குறையாது. இந்தக் கணக்கை இங்கே போட்டால் ஒரு வார்டுக்கு ஒரே ஒருவர். அவரும் அன்றைக்கென்று பார்த்து கல்யாணத்துக்கு வெளியூர் போகாமல் இருக்க வேண்டும்.